ஹெட்ரெஸ்ட் பொடனியைத் தள்ளுகிறதா? கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

"ஏனுங்க, இந்த ஹெட்ரெஸ்ட் பொடனியைப் புடிச்சு முன்னால தள்ளுதுங்க. கழட்டிப் போட்டுரலாமுங்களா?"

கார் சீட்டின் மேல், தலைக்குப் பின்னால் நிற்கும் மெத்தைதான் ஹெட்ரெஸ்ட். அது பொடனியை, அதாவது பிடரியை, தள்ளுகிறது என்று கேட்பவருக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று. கழட்டிருங்க, திருப்பிப் போட்டுக்குங்க, இல்லாட்டி ஒரு கழுத்துத் தலையணை வாங்கி மாட்டிக்குங்க. மூன்றையும் செய்யக் கூடாது. அதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. கோவையிலிருந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் கழுத்து இறுகி, வலி தோள்பட்டைக்கு இறங்குவது பலருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்த வலி பெரும்பாலும் ஹெட்ரெஸ்ட்டில் தொடங்குவதில்லை. நீங்கள் உட்காரும் விதத்திலும், முதுகுச் சாய்மானத்தின் கோணத்திலும், அதன்மேல் போட்ட கவரிலும் தொடங்குகிறது. எனவே இடுப்பிலிருந்து மேல்நோக்கிச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். ஹெட்ரெஸ்ட்டில் கை வைப்பது கடைசியில்.

பின்னாலிருந்து இடித்தால் என்ன நடக்கிறது

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்கிறீர்கள். டிரைவர் வெடுக்கென்று வண்டியை எடுக்கிறார். கால் பஸ்ஸோடு முன்னே போகிறது, உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, பின்னால் சாய்கிறீர்கள். முதுகை ஒட்டி ஒரு கம்பி இருந்தால் கம்பியோடு சேர்ந்து நீங்களும் கிளம்பிவிடுவீர்கள், ஒன்றும் ஆகாது. அதே கம்பி ஒரு அடி தள்ளி இருந்தால் போய் மோதுவீர்கள்.

காரில் நடப்பதும் இதே கணக்குதான். விஜயமங்கலம் டோல்கேட் வரிசையிலோ அவிநாசி ரோடு சிக்னலிலோ நிற்கும்போது பின்னால் வந்த வண்டி இடித்தால், உங்கள் கார் சட்டென்று முன்னே தள்ளப்படும். சீட்டின் சாய்மானம் முதுகை முன்னே தள்ளும். தலைக்குப் பின்னால் அப்படித் தள்ள எதுவும் இல்லையென்றால் அது இருந்த இடத்திலேயே நிற்கும். பெரியவர் ஒருவரின் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ. அதைத் தாங்கும் கழுத்தில் இருப்பவை ஏழு சிறிய எலும்புகள்.

முதலில் கழுத்தின் அடிப்பகுதி உடம்போடு முன்னே போகிறது, மேற்பகுதி தலையோடு பின்தங்குகிறது. அந்தக் கணத்தில் கழுத்து ஒரே பக்கமாக வளைவதில்லை. அடியில் ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமுமாக இரட்டை வளைவு எடுக்கிறது. பிறகுதான் தலை பின்னால் எறியப்பட்டு, திரும்ப முன்னால் வருகிறது. இப்படிச் சுண்டப்படுவதால் கழுத்தின் தசை, தசைநார், சிறு மூட்டுகளில் ஏற்படும் காயத்துக்கு விப்லாஷ் என்று பெயர்.

முதல் கட்டம் முழுவதும் ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கண் இமைக்கும் நேரம்தான். "கண்ணாடியில பாத்துச் சுதாரிச்சுக்குவேன்" என்பவர்களின் கழுத்துத் தசை இறுகுவதற்குள் கதை முடிந்திருக்கும். பெரிய வேகமும் தேவையில்லை. பம்பர் லேசாக நசுங்கிய இடியிலேயே மறுநாள் காலை கழுத்தைத் திருப்ப முடியாமல் போகலாம். வலி உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோ வருவது விப்லாஷில் வழக்கம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முதுகு கிளம்பும் அதே வேளையில் தலையையும் கிளப்பிவிட வேண்டும். அதற்காகத்தான் ஹெட்ரெஸ்ட். தூங்கும்போது தலை சாய்க்க உதவுவது கூடுதல் வசதி மட்டுமே.

இரண்டே அளவுகள்: உயரம், பின்னிடைவெளி

ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு இருந்தால் நல்லது. குறைந்தபட்சம் காதின் மேல்நுனி மட்டத்துக்காவது வர வேண்டும். அதற்கும் கீழே பொடனியில் நின்றால், தலை அதன்மேல் பின்பக்கமாக மடியும். அப்படி நிற்கும் ஹெட்ரெஸ்ட் காப்பதற்குப் பதிலாகக் காயத்தைக் கூட்டவும் கூடும்.

இரண்டாவது அளவு, பின்மண்டைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம். இதைப் பின்னிடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பஸ் கம்பி எவ்வளவு தள்ளி இருந்தது என்ற அதே கேள்விதான். ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, நேரே ரோட்டைப் பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவரை விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் நல்ல நிலை. நான்கு விரல், அதாவது ஏழு செ.மீ. அளவு, ஏற்கலாம். பத்து செ.மீ.க்கு மேல் போனால் ஹெட்ரெஸ்ட் இருந்தும் பெரிய பயனில்லை. நீங்களே கையைப் பின்னால் கொண்டுபோய் அளந்தால் தோள் அசைந்து தலையும் நகரும், அளவு தப்பும். கதவைத் திறந்து வைத்துப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னால் இரண்டு அளவும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

பழைய கார்களில் இல்லாத தொல்லை இப்போது ஏன்?

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓட்டிப் பழகியவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமானதுதான்.

அமெரிக்காவில் 1969 தொடக்கத்திலிருந்து கார்களின் முன்சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயம். அப்போது கவனம் உயரத்தின்மேல்தான் இருந்தது. பின்னிடைவெளிக்கு வரம்பு வைக்கவில்லை. 2004-இல் விதியைத் திருத்தி, முன்சீட்டில் பின்னிடைவெளி 55 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். 2009-க்குப் பிறகு அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பல நாடுகளுக்கு ஒரே சீட் வடிவத்தைத் தயாரிப்பது கார்த் தொழிலில் வழக்கம் என்பதால், ஹெட்ரெஸ்ட் முன்னால் சாய்ந்து நிற்பது உலகமெங்கும் பரவியது.

தொல்லையின் ஆணிவேர் அளக்கும் முறையில் இருக்கிறது. ஆள் அளவுள்ள பொம்மையை சீட்டில் உட்கார வைத்துத்தான் பின்னிடைவெளியை அளக்கிறார்கள். அப்போது அதன் உடம்பு செங்குத்துக் கோட்டிலிருந்து வழக்கமாக 25 டிகிரி அளவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். நம்மில் பலர் அவ்வளவு சாய்ந்து ஓட்டுவதில்லை. உயரம் குறைந்தவர்கள் பெடல் எட்டுவதற்காக சீட்டை முன்னே இழுத்து, பானெட் தெரிவதற்காகச் சாய்மானத்தையும் நிமிர்த்திக்கொள்வார்கள். சாய்மானம் நிமிர்ந்தால் ஹெட்ரெஸ்ட்டும் அதோடு முன்னே வரும். பொம்மைக்கு ஐந்து செ.மீ. இருந்த இடைவெளி உங்களுக்கு ஒன்றுமில்லாமல் போய், தலை தள்ளப்படும். ஒரே காரில் அண்ணனுக்குப் பிரச்சினையே இல்லாமல், தங்கைக்கு மட்டும் கழுத்து வலிப்பது இதனால்தான்.

சரிசெய்யும் வரிசை

வரிசையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

முதலில் இடுப்பு. சீட்டின் மூலை வரை இடுப்பைப் பின்னே தள்ளி உட்காருங்கள். இடுப்பு முன்னே சறுக்கி இருந்தால் மேல்முதுகு கூன் போடும், தோள் இரண்டு மூன்று செ.மீ. இறங்கும், ஹெட்ரெஸ்ட்டின் புடைத்த பகுதி பின்மண்டையின் தவறான இடத்தில் முட்டும். புகார்களில் கணிசமானவை இந்த ஒரே படியில் தீர்ந்துவிடும்.

அடுத்தது தூரம். பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. வேண்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை.

பிறகு சாய்மானம். இங்கேதான் பலன் அதிகம். லீவர் வகையென்றால் ஒரு பல் (ஒரு படி), திருகு வகையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக, பின்னே சாயுங்கள். சாய்மானம் மூன்று டிகிரி பின்னே போனால், தலையை நிமிர்த்தி வைத்திருப்பவருக்குப் பின்னிடைவெளி ஏறத்தாழ ஒரு செ.மீ. கூடும். அந்த ஒரு செ.மீ. பலருக்குப் போதும். எங்கே நிறுத்துவது? தோள் இரண்டும் சீட்டில் பட்டிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். எட்டாமல் போனால் அளவுக்கு மீறிச் சாய்த்துவிட்டீர்கள். ஸ்டீயரிங்கை முன்னே இழுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மேலே கீழே மட்டும் நகரும் ஸ்டீயரிங் என்றால் இன்னும் ஒரு பல் நிமிர்த்துங்கள்.

நான்காவது, ஹெட்ரெஸ்ட்டின் உயரம். மேலே தூக்க இழுத்தாலே போதும். இறக்க, கம்பியின் அடியில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். கம்பியின் சரிவு காருக்குக் கார் மாறும் என்பதால், ஏற்றும்போது முன்னேயும் வரலாம், பின்னேயும் போகலாம். எனவே ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, தலையை வைத்துப் பாருங்கள். முடிவு செய்த பிறகு, பட்டனைத் தொடாமல் மேலிருந்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். இறங்கினால் பல்லில் உட்காரவில்லை என்று பொருள். ஹெட்ரெஸ்ட்டைச் சாய்க்கும் வசதி சில கார்களில் உண்டு. அதில் முன்னே இழுக்கும்போது டக் டக் என்று பல் விழும். கடைசிப் பல்லைத் தாண்டினால் மறுபடி பின்னே போய்விடும். இது தெரியாமலேயே பல வருடம் ஓட்டுபவர்கள் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் தள்ளினால் முதுகுக்கு மெல்லிய துணை கொடுங்கள். தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை இரண்டு செ.மீ. கனத்துக்கு மடித்து, இடுப்பு மடிப்பிலிருந்து தோள்பட்டை எலும்பின் அடி வரை வைத்துப் பாருங்கள். உடம்பு முழுவதும் சற்று முன்னே வர, ஹெட்ரெஸ்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். நடுவில் இடம் கிடைக்கும். சரியாக இருந்தால் அதே கனத்தில் ஒரு லம்பார் குஷன், அதாவது இடுப்பு வளைவைத் தாங்கும் மெத்தை, வாங்கலாம். ஐந்து செ.மீ.க்கு மேல் புடைத்த குஷன் வேண்டாம். உடம்பு மிகவும் முன்னே வந்து, பின்னிடைவெளி அளவுக்கு மீறிக் கூடிவிடும். குஷன் வைத்த பிறகு நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள தூரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சீட்டை ஏற்றி இறக்கும் லீவர் பார்வையை உயர்த்துமே தவிர, தலைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் உள்ள உறவை மாற்றாது. சீட்டோடு ஹெட்ரெஸ்ட்டும் சேர்ந்து ஏறும். உட்காரும் இடத்தில் தனியாகக் குஷன் போட்டால் மட்டும் நீங்கள் உயர்வீர்கள், ஹெட்ரெஸ்ட் உயராது. அப்போது அதையும் ஒரு பல் ஏற்ற வேண்டும்.

சுருக்கமாக: இடுப்பு, தூரம், சாய்மானம், உயரம், கடைசியில் முதுகுத் துணை.

சீட் கவரும் கொண்டையும்

புதுக்கார் வீட்டுக்கு வரும் முன்பே சீட் கவர் போட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். ரெக்சின் அல்லது ஆர்ட் லெதர் கவரின் உள்ளே ஒரு செ.மீ. ஃபோம் வைத்துத் தைத்திருந்தால், ஹெட்ரெஸ்ட்டும் அந்த ஒரு செ.மீ. தலையை நோக்கி வந்துவிடும். முதுகுப் பக்கத்திலும் அதே கனம் இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆனால் உடம்பின் எடை முதுகுப் பக்க ஃபோமை அமுக்கிவிடும். ஹெட்ரெஸ்ட்டின் ஃபோமை அமுக்க எதுவுமில்லை. அதனால்தான் கவர் போட்டதிலிருந்து கழுத்து வலி என்கிறார்கள். கவரைக் கழற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வலி குறைந்தால் ஹெட்ரெஸ்ட்டுக்கு மட்டும் ஃபோம் இல்லாத துணிக்கவர் தைக்கச் சொல்லலாம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார் என்றால், அந்த இடத்தில் பிரிந்துகொடுக்கும் தையல் உள்ள கவர்தான் போட வேண்டும். சாதாரண கவர் ஏர்பேக் விரிவதையே தடுத்துவிடும்.

கவர் மாட்டும்போது ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றித்தான் மாட்டுவார்கள். வண்டியை எடுக்கும் முன் முன்பின் மாறியிருக்கிறதா, பல்லில் உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. உயரக் கொண்டை, கெட்டியான பிளாஸ்டிக் கிளிப், முகூர்த்தத்துக்குப் போகும்போது வைக்கும் பூப்பந்து எல்லாம் தலையை மூன்று நான்கு செ.மீ. முன்னே தள்ளும். ஹெட்ரெஸ்ட்டை நொந்து பயனில்லை. பின்னலைத் தோளுக்கு முன்னே போட்டுக்கொள்ளலாம். கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். கெட்டிக் கிளிப் மண்டைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் மாட்டினால், இடிபடும்போது அதுவே காயப்படுத்தும்.

திருப்புவது, வளைப்பது, தலையணை மாட்டுவது

திருப்பிப் போட்டால் உடனே சுகமாக இருக்கும். அதுதான் ஆபத்து. ஹெட்ரெஸ்ட்டின் கம்பி நேராக இருப்பதில்லை, மெத்தையும் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. திருப்பினால் பின்னிடைவெளி பத்து செ.மீ.யைத் தாண்டிவிடலாம். அதைவிட மோசம் பூட்டு. பல கார்களில் உயரத்தைப் பிடித்து வைக்கும் பல்வெட்டு ஒரு கம்பியில் மட்டும்தான் இருக்கும். பூட்டும் பட்டனும் ஒரு துளையில் மட்டும். திருப்பினால் பல்வெட்டு உள்ள கம்பி பூட்டு இல்லாத துளைக்குப் போய்விடும். இடிக்கும்போது ஹெட்ரெஸ்ட் பிடிமானமில்லாமல் கீழே இறங்கும்.

கம்பியைப் பட்டறையில் வைத்துப் பின்னே வளைப்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் உள்ளே கூடான இரும்புக் குழாய். வளைத்த இடத்தில் மடிந்து பலம் போய்விடும். மேலே கீழே நகராமல் சிக்கிக்கொள்ளவும் செய்யும். இடிபட்டவுடன் தானாக முன்னே வந்து தலையைத் தாங்கும் வகையும் சில கார்களில் உண்டு. 1990-களின் இறுதியில் ஸ்வீடனின் ஸாப் கார் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. முதுகு சீட்டில் அழுந்தும் விசை, உள்ளே இருக்கும் நெம்புகோல் வழியாக ஹெட்ரெஸ்ட்டை நகர்த்தும். இந்த வகையில் கை வைத்தால் பொறியமைப்பே வேலை செய்யாமல் போகும்.

கழுத்துத் தலையணை பார்க்க சாதுவான பொருள். ஆனால் அது தாங்குவது கழுத்தை, தலையை அல்ல. எட்டு பத்து செ.மீ. கனமுள்ள உருளை கழுத்துக்குப் பின்னால் இருந்தால், தலை ஹெட்ரெஸ்ட்டிலிருந்து இன்னும் தள்ளிப் போய்விடும். இடிக்கும்போது கழுத்து உருளையில் நிற்க, தலை அதைத் தாண்டிப் பின்னே மடியும். மேலே சொன்ன இரட்டை வளைவை நாமே தயார் செய்து வைத்ததுபோல் ஆகிவிடும். கழுத்துக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால், வேண்டியது இடுப்புக்குத்தான்.

கண்ணாடி உடைக்கக் கழற்றலாமா?

ஹெட்ரெஸ்ட் கழலும்படி வைத்திருப்பதே ஆபத்தில் ஜன்னலை உடைப்பதற்காகத்தான் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியில்லை. உயரம் மாற்றவும், கவர் மாட்டவும், குழந்தை சீட் பொருத்தவும்தான் கழல்கிறது. கம்பியின் முனை மழுங்கலானது. நெருக்கடியில் பட்டனை அழுத்தி இழுத்தெடுப்பதும் எளிதல்ல. ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில், பெல்ட் அறுக்கும் கத்தியோடு வரும் கூர்முனைச் சுத்தியல் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். உடைக்க வேண்டியது பக்கக் கண்ணாடியை, அதுவும் மூலையில். முன்கண்ணாடி நடுவே படலம் வைத்து ஒட்டியது, அப்படி எளிதில் உடையாது.

பின்சீட்

பின்சீட்டில் முழுவதும் இறக்கிய ஹெட்ரெஸ்ட் சில கார்களில் தோளுக்கு நடுவே குத்தும். வடிவமைப்புப் பிழை என்று நினைத்துக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறார்கள். குத்துவது வேண்டுமென்றே செய்தது. ஆள் உட்கார்ந்தால் அதை மேலே ஏற்ற வேண்டும் என்று நினைவூட்டத்தான் அப்படி. ஆள் இல்லாதபோது கண்ணாடியில் பின்னால் தெளிவாகத் தெரிவதற்காக இறங்கி நிற்கிறது. ஏற்றினால் குத்தல் போய்விடும்.

குழந்தை சீட்டைப் பொருத்த ஹெட்ரெஸ்ட் இடித்தால், காரின் கையேடும் குழந்தை சீட்டின் கையேடும் அனுமதித்தால் கழற்றலாம். குழந்தை சீட்டை எடுக்கும் அன்றே திரும்ப மாட்டிவிடுங்கள். கழற்றியதை டிக்கியில் சும்மா போட்டு வைத்தால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவிலும் அது உருண்டுகொண்டிருக்கும்.

முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து தூங்குபவர்கள் சாய்மானத்தைப் படுக்கை மாதிரி ஆக்கிக்கொள்வது இன்னொரு பழக்கம். அப்போது சீட் பெல்ட்டில் தோள்மேல் வரும் பட்டை நெஞ்சிலிருந்து விலகி அந்தரத்தில் நிற்கும். திடீர் பிரேக்கில் உடம்பு இடுப்புப் பட்டைக்கு அடியில் சறுக்கும். தோள்மேல் வரும் பட்டை நெஞ்சை ஒட்டியிருக்கும் அளவோடு சாய்ப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

சிலரின் உடல்வாகுக்குச் சில சீட்டுகள் பொருந்தவே பொருந்தாது. சாய்மானத்தோடு ஒட்டிய, நகராத ஹெட்ரெஸ்ட் உள்ள சிறிய கார்களில் இது அதிகம். அதே மாடலின் வேறு வேரியண்ட்டில் உயரம் மாற்றும் சீட் இருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். தையல்காரரிடம் கொடுத்து உள் ஃபோமைச் செதுக்குவது வேண்டாம். மோதும் விசையை வாங்கிக்கொள்வது அந்த ஃபோம்தான்.

முன்பே கழுத்துத் தேய்மானம் இருந்தாலோ, கை மரத்துப்போதல், விரலில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, பிடி தளர்தல் இருந்தாலோ சீட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்; எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து இடிபட்ட பிறகு இவற்றில் எது வந்தாலும் அன்றே.

புதுக்கார் பார்க்கப் போகும்போது டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். வீட்டில் ஓட்டப்போகும் எல்லோரும், குறிப்பாக உயரம் குறைந்தவர், மேலே சொன்ன வரிசையில் சீட்டை அமைத்து இருபது நிமிடமாவது ஓட்டட்டும். பழைய கார் என்றால் ஐந்து பேர் உட்காரும் வண்டியில் எத்தனை ஹெட்ரெஸ்ட் வந்திருக்க வேண்டும் என்று கையேட்டில் பார்த்து எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் மேலே ஏற்றி, பட்டனைத் தொடாமல் அழுத்துங்கள். இறங்கினாலோ, கம்பி வளைந்திருந்தாலோ, ஒன்று குறைந்திருந்தாலோ விலை பேசும்போதே மாற்றித் தரச் சொல்லிவிடுங்கள்.